தெற்கு அறையில் அடுப்பு

ஹிமி, மார்ச் 9, 1998

அன்புள்ள கினுகோவுக்கு,

அண்ணி சுமியே எழுதுவது. கூரையிலிருந்து பனி இன்னும் தொப்புத் தொப்பென்று விழுந்துகொண்டுதான் இருக்கிறது. நாகோயாவில் பிளம் பூத்தே முடிந்திருக்கும். நீயும் உன் வீட்டுக்காரர் ஒகாபேயும் சௌக்கியமா? என் முட்டியைப் பற்றிக் கேட்காதே, கேட்டால் நாலு பக்கம் அதற்கே போய்விடும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அடுப்படியை மாற்றப் போகிறேன். வடக்கு மூலையிலிருந்து எடுத்துத் தெற்கு அறையில் வைக்கப் போகிறேன். ஆமாம், அதே தெற்கு அறைதான். ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டு மேலே படி.

நான் உங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தொன்பது வருஷம். அந்த வடக்கு அடுப்படியில் நட்ட நடுப்பகலிலும் விளக்குப் போட வேண்டும். தரை மற்ற அறைகளைவிட ஒரு படி கீழே. ஜனவரியில் குழாய் உறைந்துவிடும், தொங்கவிட்ட பாத்திரத் துணி பலகையாகிவிடும். தெற்கு அறையோ பன்னிரண்டு தரைப்பாய் விரிக்கிற அகலம், காலை முதல் மாலை வரை வெயில். வருஷத்தில் ஆறேழு நாள் கோயில் குருவும் சொந்தக்காரர்களும் வந்து உட்காருவார்கள். மிச்ச நாளெல்லாம் அந்த வெயில் யாருக்கும் பிரயோசனமில்லாமல் பாய்மேல் கிடக்கிறது. எனக்கும் அந்த அறைக்கும் உள்ள உறவு வாசலோடு சரி. தட்டை ஏந்திக்கொண்டு வருவேன், வாசலில் மண்டியிடுவேன், உள்ளே நகர்த்துவேன், திரும்பிப் போவேன். இனி அந்த வெயிலில் நின்று நான் வெங்காயம் நறுக்கப் போகிறேன்.

நவம்பர் பதினேழு உன் அண்ணனுடைய முதலாண்டு நினைவு நாள். அதற்குள் வேலை முடிந்தாக வேண்டும்.

மசாதோவிடம் போனில் சொன்னேன். "எதுக்கும்மா இந்த வயசுல? பேசாம வீட்டை வித்துட்டு இங்க யோகோஹாமா வந்துடு" என்றான். "வர்றேன்டா. உங்க வீட்டு அடுப்படில நான் எங்க நிக்கணும், உன் பொண்டாட்டிகிட்ட கேட்டுச் சொல்லு" என்றேன். இன்றுவரை சொல்லவில்லை.

போன வாரம் தகாஓகாவில் ஒரு ஷோரூமுக்குப் போனேன். இருபத்தைந்து வயசுப் பையன், மடிப்புக் கலையாத கோட்டு. "சார் எப்ப வருவாங்க மேடம்?" என்றான். "அவர் வீட்டுல பூஜை மாடத்துல இருக்கார், வரமாட்டார்" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்து மூன்று தடவை குனிந்து வணங்கிவிட்டு, "அப்ப மகன்கிட்ட பேசிடலாமா மேடம்?" என்கிறான்! எஸ்டிமேட்டையும் மசாதோ பெயருக்கே எழுதினான். வீட்டில் நிற்கப்போவது நான், சமைக்கப்போவது நான், பெயர் மட்டும் அவனுடையது. கேட்லாக்கை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நல்ல கனம், முள்ளங்கி ஊறுகாய்ப் பானைமேல் வைத்திருக்கிறேன்.

உன் பதிலை எதிர்பார்த்திருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி
சுமியே


நாகோயா, மார்ச் 24

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே செர்ரி மொட்டுகள் தடித்திருக்கின்றன. தங்கள் முட்டிவலி இந்தக் குளிரில் அதிகமாகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் இருவரும் நலம். எங்களைப் பற்றிக் கவலைப்பட எதுவும் இல்லை.

அடுப்படியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தங்கள் வீடு, தங்கள் விருப்பம். இதில் நான் சொல்ல என்ன இருக்கிறது? நான் கல்யாணமாகி வெளியே போனவள். தாங்கள் எல்லாவற்றையும் நன்றாக யோசித்திருப்பீர்கள். அப்பா இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்தது, அவ்வளவுதான். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

குராதா தச்சர் மூன்று தலைமுறையாக நம் வீட்டு வேலைகளைச் செய்கிறவர். அவரை விட்டுவிட்டு ஷோரூமுக்குப் போனது அவர் காதுக்குப் போனால் வருத்தப்படலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லதோ என்று தோன்றுகிறது.

தாங்கள் நலமாக இருக்க வேண்டும்.

கினுகோ


ஹிமி, ஏப்ரல் 20

அன்புள்ள கினுகோவுக்கு,

பனி போயிற்று. வாய்க்காலில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடுகிறது. நீங்கள் இருவரும் நலம், கவலைப்பட எதுவுமில்லை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

நீ சம்மதம் கொடுத்ததற்கும் ரொம்ப நன்றி.

முறைக்காதே. 'நான் சொல்ல என்ன இருக்கிறது' என்றால் நம் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? 'பொருட்படுத்த வேண்டாம்' என்றால் கட்டாயம் பொருட்படுத்து என்று தெரியாதா? முப்பத்தொன்பது வருஷம் எல்லார் வீட்டு மௌனத்துக்கும் அர்த்தம் கண்டுபிடித்தே என் காலம் போயிற்று. உன் அம்மா தேநீர்க் கோப்பையை வைக்கும் சத்தத்திலிருந்து அன்றைக்குக் குழம்பில் உப்பு எப்படி என்று கண்டுபிடிப்பேன். போதும் தாயே. இனிமேல் சொன்னதைச் சொன்னபடி கேட்பது, எழுதியதை எழுதியபடி படிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். நீ சம்மதித்துவிட்டாய்.

நீ சொன்னபடியே குராதாவிடம் போனேன். அரிசி மது பாட்டில் ஒன்றும் எடுத்துக்கொண்டு போனேன். கேட்டுவிட்டுத் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பல்லிடுக்கில் காற்றை 'ஸ்ஸ்' என்று இழுத்தார். "தெற்கு அறைலயா... நல்ல யோசனைதான் நோஜிரி வீட்டம்மா... கொஞ்சம் யோசிக்கிறேன்" என்றார்.

அந்த 'ஸ்ஸ்'ஸோடு எழுந்து வந்துவிட வேண்டும், அதுதான் முறை. நான் மறுநாள் காலை போனேன். "யோசிச்சாச்சுங்களா?" என்றேன். மனிதர் திருதிருவென்று விழித்தார். "இன்னும்... இப்பதானே..." "பரவாயில்ல, நீங்க யோசிங்க, நான் இப்படி உக்காந்துக்கறேன்" என்று அவர் பட்டறைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த நாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும். ஒன்பதாம் நாள் அவர் மனைவி வாசலில் வந்து, "அவர் வெளிய போயிருக்காரே" என்றாள். பலகை அடுக்குக்குக் கீழே அவர் கால் இரண்டும் தெரிகிறது! "சரிம்மா, அவர் கால் வந்ததும் தலையையும் வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு வந்தேன். பதினோராம் நாள் ஆள் வெந்நீர் ஊற்றுக்குப் போய்விட்டார், இடுப்புவலியாம்.

'முடியாது' என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல மாட்டேன் என்கிறாரே மனிதர்! சொன்னால் நான் வேறு ஆளைத் தேடிக்கொண்டு போக மாட்டேனா?

வெயில் ஏறுகிறது, பார்த்து இரு. ஒகாபேயைக் கேட்டதாகச் சொல்.

அண்ணி
சுமியே


நாகோயா, மே 11

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

இளந்தளிர்க் காலம். தாங்கள் நலம் என்று நம்புகிறேன். நாங்களும் நலம்.

குராதாவின் பட்டறையில் போய்த் தினமும் உட்கார்ந்தீர்கள் என்று படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஊரில் என்ன பேசுவார்கள்? அவர் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த அறை வீட்டின் தென்மேற்கு மூலை. தென்மேற்கில் நெருப்பும் தண்ணீரும் வைத்தால் வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது என்று தங்களுக்கும் தெரியும். தங்கள் நலம் கருதித்தான் சொல்கிறேன். முதலாண்டு நினைவு நாள் முடியட்டும், மூன்றாம் ஆண்டும் முடியட்டும். பிறகு நிதானமாகப் பார்க்கலாமே. அந்த அறை எங்கேயும் ஓடிவிடாது.

எங்கள் தெருவில் வீட்டு எண்களை மாற்றுகிறார்கள், தபால் தவறிப்போகிறது. இனிமேல் உறைமேல் உள்ள முகவரிக்கு எழுதுங்கள். தெரிந்தவர்கள் இடம்தான்.

கினுகோ


ஹிமி, ஜூன் 21

அன்புள்ள கினுகோவுக்கு,

மழை, மழை, மழை. துணி காயவில்லை, முட்டி மடங்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? புது முகவரியைக் குறித்துக்கொண்டேன்.

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம், ஆள் தேடி அலைந்தேன். இரண்டு காண்டிராக்டர்கள் வந்தார்கள். ஒருவர் காம்பஸை எடுத்து அறை நடுவில் வைத்துப் பார்த்துவிட்டுத் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 'ஆகட்டும், ஆகட்டும்' என்றார். போன மனிதர் போனவர்தான்.

தென்மேற்கு மூலை வீட்டுப் பெண்ணுக்கு ஆகாதா? வடக்கு மூலை மட்டும் ரொம்ப ஆயிற்றோ? என் முட்டியை வந்து பார். மூன்றாம் ஆண்டுவரை பொறுக்கச் சொல்கிறாய். எனக்கு அறுபத்தொன்று. பொறுத்தது போதும்.

இப்போது நல்ல சேதி. ஆள் கிடைத்துவிட்டாள்.

துறைமுகத்தில் மத்தி வாங்கப் போனேன். ஒரு மீன்பிடிப் படகில் இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு அடுப்படி! இரண்டு பாய் அளவுகூட இல்லை. நின்ற இடத்தில் நின்று கையை நீட்டினால் அரிசி, திரும்பினால் தண்ணீர், குனிந்தால் விறகு மாதிரி அடுக்கிய பாத்திரம். பானை நழுவாமல் அடுப்பைச் சுற்றிக் கம்பி. "யாரு கட்டினது இது?" என்றேன். "அதோ, அந்தத் தகரக் கொட்டகைல கேளுங்க, ஹமாதானி" என்றார்கள்.

ஹமாதானி இகுயோ. ஐம்பது வயசுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். தலையில் துண்டு, கையில் ரம்பம். படகுகளுக்கு உள்வேலை செய்வதுதான் தொழில். இயந்திரச் சத்தத்தில் காது கொஞ்சம் போய்விட்டது, அதனால் பேச்சும் சத்தம்தான்.

"வீட்டு வேலை செய்வீங்களா?"

"செஞ்சதில்ல."

"எனக்குச் செய்வீங்களா?"

"பார்க்காம எப்படிங்க சொல்றது?"

மறுநாளே வந்தாள். தெற்கு அறையைப் பார்க்கவில்லை, முதலில் வடக்கே போனாள். "ஒரு மிசோ சூப் வைங்க, பார்க்கிறேன்" என்றாள். வைத்தேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "ஒரு சூப்புக்கு நாப்பத்தொரு அடி நடக்கிறீங்க, ரெண்டு தடவை படி ஏறி இறங்கறீங்க. படகா இருந்தா இந்நேரம் உங்களைக் கடல்லதான் தேடணும்" என்றாள். சூப்பை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

அப்புறம் தெற்கு அறை. நடுவில் நிற்கிற தூணைக் காட்டி, "இதை எடுத்துட்டா விசாலமா இருக்கும்" என்றேன்.

"முடியாது."

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். "கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்களேன்" என்றேன்.

"யோசிக்க என்ன இருக்கு? எடுத்தா கூரை உங்க தலைல உக்காரும். முடியாது."

கினுகோ, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையைச் சாய்க்காமல், காற்றை இழுக்காமல், என் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். இப்படிச் சொல்கிறவள் முடியும் என்றால் அது முடியும். அங்கேயே வேலையை ஒப்படைத்துவிட்டேன்.

திசையைப் பற்றியும் கேட்டேன், ஒளிக்கவில்லை. "படகுல எதும்மா தென்மேற்கு? காலைல ஒரு பக்கம் பார்த்துப் போகுது, சாயங்காலம் மறுபக்கம் பார்த்துத் திரும்புது. சமையக்காரன் அடுப்பைத் தூக்கிட்டுச் சுத்தி ஓடுவானா?" என்றாள். பூஜை மாடம் இருக்கிற பக்கம் புகை போகாமல் காற்றுக் குழாயை மட்டும் கிழக்கே திருப்பப் போகிறாள். நோட்டை எடுத்து, "யாருக்குக் கட்டறோம்?" என்றாள். "எனக்கு." "வேற யாராச்சும் நிப்பாங்களா?" "இல்ல, நான் மட்டும்தான்." அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்டில் ஆரம்பம். ஈரத்தில் நிற்காதே.

அண்ணி
சுமியே


நாகோயா, ஜூலை 15

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே வெக்கை தாங்கவில்லை. தாங்கள் நலமா? நான் நலம்.

சரி, தாங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். இனி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கட்டுவதுதான் என்றால் சரியாகக் கட்டுங்கள். அந்த அம்மாளிடம் சொல்லுங்கள். தரைக்கு வழவழப்பான ஓடு வேண்டாம், எண்ணெய் சிந்தினால் ஆளையே தள்ளிவிடும். சிங்கிலிருந்து அடுப்புக்குத் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்படி வைக்கவே கூடாது, மேடைமேலேயே நகர்த்த வேண்டும். கழுவின கிண்ணங்களைக் கவிழ்க்க நினைப்பதைவிட இரண்டு மடங்கு இடம் விடச் சொல்லுங்கள். அறுபது கிண்ணம் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் எங்கே வைப்பது? கத்தி வைக்கும் பலகை வலது கைப்பக்கம் இருக்கட்டும். கால்மாட்டில் ஒரு சிறு படி இருந்தால் ஒரு காலை மாற்றி வைத்துக்கொள்ளலாம், இடுப்பு பிழைக்கும்.

அவசரமாக எழுதுகிறேன், மணியாகிவிட்டது.

கினுகோ


ஹிமி, ஆகஸ்ட் 8

கினுகோ,

வெயிலைப் பற்றி எழுதப் போவதில்லை.

உன் கடிதத்தை ஹமாதானியிடம் வாசித்துக் காட்டினேன். "யாரிது? தெரிஞ்ச கை. ஆயிரம் சோறு வடிச்ச கை" என்றாள். "என் நாத்தனார், ஒரு கம்பெனி அதிகாரியோட மனைவி, வீட்டுல ரெண்டே பேர்" என்றேன். "அப்ப அறுபது கிண்ணம் யாருக்கு?" என்றாள். உறவுக்காரர்கள் வந்திருப்பார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

நேற்று ஒரு பார்சல் திரும்பி வந்தது. வருஷா வருஷம் உறவுக்காரர்களுக்கு அனுப்புகிற கோடைப் பரிசு. தகாஓகா கடையில் போன வருஷத்துப் பட்டியலை அப்படியே நீட்டி, 'இதே பேர்களுக்கு அனுப்பிடுங்க' என்று சொல்லிவிட்டு வந்தேன், எல்லாரும் செய்கிறதுதானே. உன் பெயரில் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. மேலே ஒரு சீட்டு. 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.' ஒகாபேயின் கையெழுத்து. புத்தாண்டு அட்டையில் இருபது வருஷம் பார்த்த கையெழுத்து எனக்குத் தெரியாதா?

ஹமாதானியிடம் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பாய்களை எடுத்தாயிற்று, தரைப் பலகை பாதி திறந்து கிடக்கிறது.

நீ எங்கே இருக்கிறாய்? என்ன நடந்தது? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்.

அண்ணி


ஹிமி, ஆகஸ்ட் 30 (அஞ்சலட்டை)

கினுகோ, பதில் இல்லையே. உயிரோடு இருக்கிறாயா என்று மட்டுமாவது எழுது. பதினைந்தாம் தேதிக்குள் வரவில்லையென்றால் இந்த முட்டியைத் தூக்கிக்கொண்டு நானே ரயிலேறிவிடுவேன். சும்மா சொல்லவில்லை. சுமியே.


நாகோயா, செப்டம்பர் 10

அண்ணி,

ரயிலேற வேண்டாம். உயிரோடு இருக்கிறேன்.

இது ஆண்கள் விடுதி. கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியுடையது. அறுபத்திரண்டு பேருக்குக் காலையும் மாலையும் சமைக்கிறேன். அடுப்படிக்குப் பின்னால் நாலரைப் பாய் அறை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து இங்கேதான்.

ஒகாபே ஓய்வு பெற்ற பிறகு தனியாக வாழ விரும்புவதாகச் சொன்னார். விவாகரத்துத் தாளில் தன் முத்திரையைக் குத்தி மேசைமேல் வைத்திருந்தார். நானும் குத்தினேன். அவர் தனியாக வாழவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணன் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, உங்களிடம் இதை எப்படி எழுதுவது? தெரு எண் மாறியது என்பது பொய், அதுவரை உங்கள் கடிதங்களைத் தபால் நிலையம்தான் இங்கே திருப்பிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். குராதாவுக்கு மார்ச் மாதமே நான்தான் எழுதினேன், நீங்கள் கேட்டு வந்தால் இழுத்தடிக்கச் சொல்லி. அவர் பாவம், நடுவில் மாட்டிக்கொண்டார்.

அப்பாவுக்காக இல்லை. திசைக்காகவும் இல்லை. என்றைக்காவது இந்தக் கை ஓய்ந்துபோனால் திரும்பிவர அந்த வீட்டில் விருந்தாளிக்கென்று இருப்பது தெற்கு அறை ஒன்றுதான். எனக்காக அது இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் இந்த நாலரைப் பாயில் படுக்கிறேன். அதை நீங்கள் அடுப்படி ஆக்கப் போகிறேன் என்று எழுதினீர்கள். எனக்கு உலகத்தில் வேறு இடம் இல்லை. இதை எழுதவே எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

கோபம் உங்கள்மேலும்தான். எல்லாருடைய மௌனத்துக்கும் அர்த்தம் கண்டுபிடித்த நீங்கள், என் முறை வந்தபோது எழுதியதை எழுதியபடி படிக்க ஆரம்பித்தீர்கள். கவலைப்பட எதுவும் இல்லை என்று எழுதினேன். நீங்களும் கவலைப்படவில்லை.

கினுகோ


ஹிமி, செப்டம்பர் 14

கினுகோ,

முட்டாள் நான். அதை முதலில் எழுதிவிடுகிறேன். ஊரையெல்லாம் எதிர்க்கிறேன் என்று கிளம்பினவள், நீ கத்தினதைக் கேட்கவில்லை. சந்தோஷம் என்று வேறு பதில் எழுதியிருக்கிறேன். நினைக்க நினைக்க என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

குராதா விஷயம். படித்ததும் வந்ததே ஒரு கோபம்! பதினோரு நாள் அந்தக் கட்டையில் உட்கார்ந்திருந்தேனடி, பாவி. அடுப்பில் ஏதாவது கருகும்வரை உன்னைத் திட்டினேன். மீன் கருகியது. பிறகு ஆறிவிட்டது.

இப்போது அறை விஷயம். நீ நேராகச் சொன்னாய், நானும் நேராகச் சொல்கிறேன். முடியாது. தெற்கு அறையைத் தர மாட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். உனக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி வடக்கே போய் விளக்குப் போட்டு நிற்பது பெரிய நல்ல காரியமாகத்தான் தெரிந்தது. அப்படி நல்லவளாகவே முப்பத்தொன்பது வருஷம் இருந்தாயிற்று. இனி என்னால் ஆகாது. அங்கே அடுப்புதான் வரும்.

ஆனால் நீ ஏன் விருந்தாளி அறையில் படுக்க வேண்டும்? விருந்தாளியா நீ? மாடியில் மசாதோவின் அறை இருக்கிறது. கிழக்கே ஒன்று, கடலைப் பார்த்து ஒன்று, இரண்டு ஜன்னல். அவனுடைய பேஸ்பால் மட்டைகளையும் பத்திரிகைக் கட்டுகளையும் இன்று காலை யோகோஹாமாவுக்கு அனுப்பிவிட்டேன். "என் ரூமையாம்மா?" என்றான். "உனக்கு நாப்பது வயசு ஆகப் போகுதுடா" என்று போனை வைத்தேன்.

திரும்பி வந்தவள் என்று ஊர் பேசும். பேசட்டும். நினைவு நாளன்று அவர்கள் உட்காரப் போவது என் அடுப்படியில். வாய் திறந்து பேசுகிறவர்களுக்குச் சோறு கிடையாது என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஹமாதானியைக் கூப்பிட்டு வேலையைத் தொடரச் சொன்னேன். இன்னொரு ஆளும் நிற்பாள் என்றேன். வரைபடத்தைக் குறுக்காகக் கிழித்தாள். "ரெண்டு பேருன்னு முதல்லயே சொல்லக் கூடாதா? ரெண்டு பேருன்னா முதுகோட முதுகு இடிக்கும், மேடையை இந்தப் பக்கம் திருப்பணும்" என்று கத்தினாள். "நவம்பருக்குள்ள முடியுமா?" என்றேன். "முடியும்" என்றாள்.

வா.

சுமியே


நாகோயா, அக்டோபர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

வெயில் தணிந்துவிட்டது, விடுதி முற்றத்தில் வாசனை மரம் பூத்திருக்கிறது. உங்கள் முட்டி எப்படி இருக்கிறது? இந்தத் தடவை நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எனக்கு இடது தோளில் வலி, இரவில் ஒருக்களிக்க முடியவில்லை. மற்றபடி பரவாயில்லை.

நீங்கள் கூப்பிட்டபடி வர என்னால் முடியாது. இப்படி எழுதுவது எனக்குப் புதிது. கை கூசுகிறது. வைத்துச் சோறு போடுவதற்காக என்றால் வர மாட்டேன். ஹிமியில் பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு சமைக்கிற இடத்துக்கு விண்ணப்பம் போட்டேன். இந்த விடுதிக் கணக்கில் எனக்கு அனுபவம் உண்டு என்று எழுதினேன். நேற்று பதில் வந்தது, டிசம்பரிலிருந்து வரச் சொல்கிறார்கள். அதனால் வருகிறேன். இங்கே அக்டோபரோடு முடித்துக்கொள்கிறேன், நவம்பர் மூன்றாம் தேதி மதிய ரயில். மாடி அறைக்கு வாடகை தருவேன். வேண்டாம் என்று எழுதாதீர்கள்.

இன்னொரு நிபந்தனை. போன வருஷம் அண்ணனின் இறுதிச் சடங்கன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று இந்தச் சில நாளாக நினைத்துப் பார்க்கிறேன். மசாதோ முதல் இடத்தில் இருந்தான், பக்கத்தில் நான், ஒகாபே, சித்தப்பா. எல்லாருடைய முகமும் நினைவிருக்கிறது. உங்கள் முகம் இல்லை. தட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது, சூடாக இருந்தது, சாப்பிட்டேன். புருஷனைப் பறிகொடுத்தவள் நீங்கள், அன்றைக்கு உங்களை நான் பார்க்கவே இல்லை.

நவம்பர் பதினேழு அன்று சமையல் என்னுடையது. முப்பது பேர் எனக்கு ஒரு பொருட்டில்லை. அந்தப் புது மேடையில் நான் நிற்கிறேன். நீங்கள் அண்ணனுடைய படத்துக்குப் பக்கத்தில், முதல் இடத்தில் உட்கார வேண்டும். குரு வந்து எழுந்து போகும்வரை. ஒரு கிண்ணத்தைக்கூடத் தொடக்கூடாது. சம்மதம் என்றால் எழுதுங்கள். யோசிக்கிறேன் என்று எழுதாதீர்கள்.

கினுகோ


ஹிமி, அக்டோபர் 7

அன்புள்ள கினுகோ,

மலைமேல் முதல் பனி தெரிகிறது, இங்கே இன்னும் வரவில்லை. முட்டி நேற்றைவிடத் தேவலை. உன் தோளுக்கு ஒத்தடப் பை வாங்கி வைத்திருக்கிறேன்.

வாடகை வாங்கிக்கொள்கிறேன். நேற்று அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தோம். ஹமாதானி நிபந்தனை போட்டாள், முதல் சமையலை அவளுக்குத்தான் போட வேண்டுமாம். முட்டை பொரித்துப் போட்டேன். வெயில் நேராக முகத்தில் விழுந்து கண் கூசுகிறது, அதற்கு ஒரு மூங்கில் திரை போட வேண்டும்.

உன் நிபந்தனைக்குச் சம்மதம். உட்காருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சிரிக்காதே. அந்த அறையில் நான் உட்கார்ந்ததே இல்லை. நீ ராத்திரி பகலாக உட்கார்ந்திருக்கிறாய், உனக்குத் தெரியும். எதிரே ஒரு கிண்ணம் காலியானால் எனக்குக் கால் தானாக எழுந்துவிடும். நேற்று யாரும் இல்லாதபோது படத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் உன் அண்ணனோடு பேசினேன், அது எனக்கும் அவருக்கும். அதற்கப்புறம் இந்தக் கை இரண்டையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மடியில் வைத்தால் யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. உட்கார்ந்திருக்கிறவர்கள் கையை எங்கே வைத்துக்கொள்வார்கள்? வருவதற்கு முன்னால் ஒரு வரி எழுதிப் போடு, பழகிக்கொள்கிறேன்.

ரயிலடிக்கு வருகிறேன்.

சுமியே